பீகாரில் மிஞ்சிய அரிசி, சென்னையில் குறைந்த கூலி

சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற பிரிட்டிஷ் அதிகாரி மூன்றாண்டு இடைவெளியில் இரண்டு பஞ்சங்களைக் கவனித்தார். முதலாவது 1873–74-ல் பீகாரில் வந்தது. இரண்டாவது நாம் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லும் 1876–78 பஞ்சம். பீகாரில் அவர் செலவைப் பார்க்காமல் அரிசி வாங்கிக் குவித்தார். பட்டினிச் சாவு என்று சொல்லும்படி அங்கே ஏறக்குறைய எதுவும் நடக்கவில்லை. தாது வருஷத்தில் அவர் செலவைக் குறைக்க அனுப்பப்பட்டார். அந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டதாக அரசே அமைத்த பஞ்சக் கமிஷன் பிறகு கணக்கிட்டது. அதிகாரி ஒருவர்தான், அவரை அனுப்பியதும் ஒரே சாம்ராஜ்யம்தான். கஜானாவின் வரம்புக்கும் ஒரு நாட்டின் ஈகைக்கும் இடையே கோடு எங்கே விழ வேண்டும் என்று யோசிப்பவர்களுக்கு, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஒப்பிடும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் ஒரே எடையுள்ள பஞ்சங்கள் அல்ல. பீகாரில் 1873-ல் மழை முன்கூட்டியே நின்று ஒரு போகம் தவறியது. பாதிக்கப்பட்ட மக்கள் சுமார் 2 கோடியே 15 லட்சம். தெற்கிலும் மேற்கிலும் 1876-ல் தொடங்கிய வறட்சி இரண்டு ஆண்டு நீடித்தது. பரப்பு நாலைந்து மடங்கு பெரியது. சென்னை, பம்பாய் மாகாணங்களோடு மைசூரும் ஐதராபாத்தும் சேர்ந்து 5 கோடியே 85 லட்சம் மக்கள். பீகாருக்குக் கங்கை இருந்தது, கல்கத்தா துறைமுகம் பக்கத்தில் இருந்தது, பர்மா அரிசி கப்பலேறி வர வழி இருந்தது. பெல்லாரிக்கும் கர்நூலுக்கும் கடப்பைக்கும் அப்படி ஆறும் இல்லை, துறைமுகமும் இல்லை. ஆகவே பீகாரில் செய்ததையே தெற்கில் செய்திருந்தால் ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள் என்று நான் வாதாடப் போவதில்லை. சாவு இவ்வளவு ஏறியதற்கு வானம் மட்டும் காரணமல்ல என்பதுதான் என் வாதம்.

பீகாரின் தாராளத்துக்குப் பின்னால் ஓர் அவமானம் இருந்தது. 1866-ல் ஒரிசாவில் பஞ்சம் வந்தபோது, வியாபாரிகள் தாமாக அரிசி கொண்டு வருவார்கள் என்று அரசு காத்திருந்தது. யாரும் கொண்டு வரவில்லை. அரசு விழித்துக்கொண்டபோது பருவமழை தொடங்கி, கப்பல் கரை சேர முடியாமல் போனது. ஒரிசாவில் மூன்றில் ஒருவர் இறந்தார் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. அந்தச் சாவை விசாரித்த குழுவுக்குத் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் காம்ப்பெல்தான் 1873-ல் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர். வைசிராய் நார்த்புரூக்குக்கும் ஒரிசா நினைவில் இருந்தது. இன்னொரு முறை அப்படி நடக்க விடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள்.

எப்படிச் செய்வது என்பதில்தான் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. வங்காளத்திலிருந்து அரிசி ஏற்றுமதியைத் தடுக்க வேண்டும் என்றார் காம்ப்பெல். தடையற்ற வணிகத்தில் கை வைக்க மாட்டேன் என்றார் நார்த்புரூக். ஏற்றுமதி நிற்கவில்லை. ஆனால் நார்த்புரூக் அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வணிகத்தைத் தடுக்காமல், அரசே சந்தைக்குள் இறங்கிப் பர்மாவில் அரிசி வாங்கியது. சுமார் 4,50,000 டன் வந்து இறங்கியது. அதை உள்நாட்டுக்குக் கொண்டு போக, கங்கைக் கரையிலிருந்து தர்பங்கா வரை 1874-ல் அவசர அவசரமாக ரயில் பாதை போட்டார்கள். வேலை செய்ய முடிந்தவர்களுக்கு வேலையும் கூலியும், முடியாதவர்களுக்கு வீடு தேடி தானியமும் கொடுக்கப்பட்டன. இதையெல்லாம் முன்னின்று நடத்தியவர் டெம்பிள். அதற்கு முன் ஐந்தாண்டுக்கு மேல் வைசிராயின் சபையில் நிதி உறுப்பினராக இருந்தவர் அவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கணக்கு தெரியாமல் செலவு செய்த ஆள் அல்ல.

பஞ்சம் எதிர்பார்த்த அளவுக்கு முற்றவில்லை. முடிவில் ஏறத்தாழ 1,00,000 டன் அரிசி மிஞ்சியது. அதை நஷ்டத்துக்கு விற்க வேண்டி வந்தது. கணக்குப் போடும் முறைக்கு ஏற்ப மொத்தச் செலவு 4 கோடி ரூபாயிலிருந்து ஆறரைக் கோடி வரை சொல்லப்படுகிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும் அந்தக் காலத்துக்கு அது பெரும் பணம்.

இதற்கு டெம்பிளுக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல, கண்டனம். லண்டனிலும் கல்கத்தாவிலும் அவரை ஊதாரி என்றார்கள். தங்களை உயிரோடு வைத்திருப்பது அரசின் கடமை என்று இந்தியர்கள் நம்பத் தொடங்கிவிடுவார்கள் என்று எக்கனாமிஸ்ட் பத்திரிகை கவலைப்பட்டது. மிஞ்சிய அரிசியே அவருக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்பட்டது. இத்தனை வாங்கியிருக்கத் தேவையில்லையே, யாரும் சாகவில்லையே என்று கேட்டார்கள். யாரும் சாகாமல் போனதற்கு அந்தக் கொள்முதல்தான் காரணம் என்ற பதில் எடுபடவில்லை. தவிர்க்கப்பட்ட சாவுக்குப் பதிவேடு கிடையாது, பெயர் கிடையாது. செலவுக்கு மட்டும் ரசீது இருக்கிறது. நெருக்கடியில் தாராளமாக நடந்துகொள்ளும் எந்த அரசும் இந்தப் பொறியில்தான் மாட்டுகிறது: காரியம் வெற்றி பெற்றால் அது வீண்செலவு போலத் தெரியும். தாது வருஷத்தில் நடந்ததற்கான விதை பீகாரின் வெற்றிக்குள்ளேயே இருந்தது என்பது என் முடிவு.

1876-ல் லிட்டன் வைசிராயாக வந்தார். அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. அவருடைய அரசு ஒரு வணிக நிறுவனத்தின் மூலம் வெளியில் தெரியாமல் 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தது. பீகாரில் நடந்ததன் சிறிய நகல் அது. கல்கத்தாவுக்கு இது தெரிந்ததும், இனி வாங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. விலையைக் குறைக்கும் நோக்கத்தோடு அரசு எந்த வகையிலும் சந்தையில் தலையிடக் கூடாது என்பது லிட்டன் ஆட்சியின் கொள்கை. 1877 ஜனவரி முதல் நாள் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் டெல்லியில் நடந்தது. அந்த விழாவுக்கு ஆன செலவை யாரும் வரம்பு போட்டு நிறுத்தவில்லை. அதே மாதம், சென்னையில் நிவாரணச் செலவு கட்டுக்கடங்காமல் போகிறது என்று சொல்லி, அதை நேரில் பார்த்து ஒழுங்கு செய்ய டெம்பிளை அனுப்பினார்கள்.

பீகாருக்காகத் திட்டு வாங்கிய மனிதர் இந்த முறை அந்தத் திட்டுக்கு இடம் வைக்கவில்லை. நிவாரண வேலைகளில் அப்போது ஏறக்குறைய 10 லட்சம் பேர் இருந்தார்கள். ஆட்களைக் குறைக்கச் சொன்னார். கூலியையும் குறைத்தார். முன்பு கடின வேலைக்குத் தினம் ஒன்றரைப் பவுண்டு தானியத்துக்கான கூலி இருந்தது. அதை ஒரு பவுண்டாக இறக்கி, கூடவே கொஞ்சம் சில்லறை கொடுத்தால் போதும் என்றார். சரித்திரத்தில் டெம்பிள் கூலி என்று பெயர் வாங்கியது இதுதான்.

ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அரிசியாக வைத்துக்கொண்டால் இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,600 கலோரி. வேலை என்ன? வெயிலில் மண் வெட்டுவது, கல் உடைப்பது, கூடையில் சுமப்பது. ஏற்கெனவே பல மாதமாக அரைவயிற்றோடு இருந்து, பசுவையும் ஏரையும் பாத்திரத்தையும் விற்றுத் தின்று முடித்த பிறகுதான் ஒருவர் அந்த வேலைக்கே வருகிறார். அந்தச் சில்லறையில் உப்பு, மிளகாய், விறகு எல்லாம் வாங்கியாக வேண்டும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு. நடக்க முடியாத கிழவியோ கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால், அந்த 450 கிராமிலிருந்துதான் அவர்களுக்கும் பங்கு போக வேண்டும்.

இதை எதிர்த்தவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். உழைக்கும் உடலுக்குக் குறைந்தபட்சம் ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் எழுதினார், வாதாடினார், விடாமல் நின்றார். அரசு ஊழியர் ஒருவர் மேலிடத்தின் சிக்கனத்தை எழுத்து மூலம் எதிர்ப்பது அந்தக் காலத்தில் சாதாரணம் அல்ல. பிறகு சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்து ஒன்றேகால் பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று உயர்த்தியது. பம்பாய் மாகாணத்தில் நிவாரண வேலையாட்கள், இந்தக் கூலிக்கு வேலை செய்ய மாட்டோம் என்று கூட்டம் கூட்டமாக வேலையை விட்டே வெளியேறினார்கள். பூனாவின் சார்வஜனிக சபை அவர்கள் பக்கம் நின்றது. பட்டினி கிடந்தவர்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றால் அந்தக் கூலி எவ்வளவு தாழ்ந்தது என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டாம்.

1877-லும் மழை ஏமாற்றியது. தாது போய் ஈசுவர வருஷம் பிறந்தும் பஞ்சம் போகவில்லை. செப்டம்பர் வாக்கில் சென்னை மாகாணத்தில் மட்டும் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அரசின் நிவாரணத்தை நம்பி இருந்தார்கள். அதே 1877-ல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு 3,20,000 டன் கோதுமை ஏற்றுமதி ஆனது. சேலம் மாவட்டத்தில் 1871-ல் எண்ணியதைவிடக் குறைவான மக்களே 1881 கணக்கெடுப்பில் இருந்தார்கள். பிழைக்க வழியில்லாமல் இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனவர்களைச் சேர்த்தாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டும். 1870-களில் உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்து, ரூபாயின் மதிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. இந்திய அரசு லண்டனுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகையோ பவுனில். ரூபாய் இறங்க இறங்கப் பளு ஏறியது. இரண்டு பெரிய மாகாணங்களில் நிலவரி வசூலும் குறைந்திருந்தது. கஜானா நெருக்கடி கற்பனை அல்ல, உண்மைதான். நிவாரணப் பணத்தில் திருட்டு இருந்தது, பொய்யாள் கணக்கு இருந்தது என்ற புகாரும் முழுப் பொய்யாக இருக்க முடியாது. அவ்வளவு பெரிய வேலையில் அது இல்லாமல் போகாது. சிக்கனம் வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் கசிவை அடைப்பது வேறு, கூலியில் கை வைப்பது வேறு. பொய்யாள் கணக்கை ஒழிக்க மேற்பார்வை ஆட்களை அதிகப்படுத்தலாம். ஒன்றரைப் பவுண்டை ஒரு பவுண்டாக்கினால் பொய்யாளுக்கு நஷ்டமில்லை. உண்மையில் மண் சுமந்தவருக்குத்தான் நஷ்டம்.

இரண்டு பஞ்சங்களையும் பிரித்தது பொருளாதாரக் கொள்கை என்று பலர் எழுதுகிறார்கள். தடையற்ற வணிகம் என்ற பித்துதான் சாவுக்குக் காரணம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நார்த்புரூக்கும் தடையற்ற வணிகத்தை நம்பியவர்தான். பஞ்சத்தின் நடுவிலும் அரிசி ஏற்றுமதியைத் தடுக்காதவர். அவருக்கும் லிட்டனுக்கும் சித்தாந்தம் ஒன்றே. நார்த்புரூக் அதற்கான விலையைக் கஜானாவிலிருந்து கொடுத்தார். லிட்டன் ஆட்சியில் அந்த விலையை மக்கள் கொடுத்தார்கள். பின்னால் சர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் 1880-ல் சொன்னதும் இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது: நாட்டில் தானியம் இல்லாமல் போனதைவிட, வேலை போய், வாங்கக் காசில்லாமல் போனதுதான் பஞ்சத்தின் சாரம். காசில்லாதவருக்கு வேலையும் போதிய கூலியும் கொடுத்தால் தானியம் அவர் வீட்டை நோக்கி நகரும். கூலியைக் குறைத்தால் அதே தானியம் காசுள்ள இடம் தேடிப் போகும்.

மக்களின் ஈகை இந்தப் பள்ளத்தை நிரப்பியதா? முயன்றது. மாயூரத்தில் முனிசீப்பாக இருந்து ஓய்வு பெற்ற வேதநாயகம் பிள்ளை தம் செல்வத்தைக் கொண்டு பஞ்சத்தில் வாடியவர்களுக்கு உணவளித்தார்; அவருடைய கொடையைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய கீர்த்தனை இன்றும் பாடப்படுகிறது. ஊர் ஊராகக் கஞ்சித் தொட்டிகள் திறந்தன. கஞ்சித் தொட்டி நமக்குப் பழைய ஏற்பாடு: 1780-களின் பஞ்சத்தில் ராயபுரம் பக்கம் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னைப் பெரியவர்கள் வெகுகாலம் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொன்னார்கள். லண்டன் மேயரின் மாளிகை பெயரால் நிதி திரட்டப்பட்டது. பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் இருந்த மக்கள், பெரும்பாலும் இந்தியாவையே பார்த்திராதவர்கள், 84 லட்சம் ரூபாய் அளவுக்குக் கொடுத்தார்கள். சென்னையில் அந்த நிதிக்குழுவின் செயலாளராக உழைத்த பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி, பஞ்சத்தின் முழு வரலாற்றையும் இரண்டு தொகுதிகளாக எழுதி வைத்தார். அந்தப் பணத்தில் பெரும்பகுதி விதைக்கும் மாட்டுக்கும் கூரைக்கும் போனது. அரசின் கூலி உயிரைப் பிடித்து வைக்கவே போதாதபோது, மறுபடி விவசாயம் தொடங்கக் கொடுத்தது மக்களின் கொடைதான்.

இருந்தும் 84 லட்சம் எங்கே, அரசு பிரிட்டிஷ் இந்தியாவில் நிவாரணத்துக்குச் செலவிட்ட 8 கோடிக்கு மேற்பட்ட ரூபாய் எங்கே! அந்த எட்டுக் கோடியே போதவில்லை. கொடையாளிகள் எத்தனை பேர் திரண்டாலும் அரசு செலவிட்டதில் பத்தில் ஒரு பங்கைத்தான் அவர்களால் தொட முடிந்தது. தேசத்தின் ஈகை என்று பேசும்போது நாம் தனியார் கொடையை நினைக்கிறோம். நெருக்கடியில் ஒரு தேசத்தின் ஈகை முதலில் அதன் கஜானா வழியாகத்தான் வெளிப்பட முடியும்.

தாது வருஷத்து உழைப்பின் ஒரு துண்டை இன்றும் சென்னையில் கண்ணால் பார்க்கலாம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க, நகரின் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு நிவாரண ஆட்களைக் கொண்டு வெட்டிய கால்வாய் அது. பஞ்சக் காலத்துக் கவர்னரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் என்று அழைக்கப்படுகிறது. இப்போது பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே நிற்கின்றன; திருமயிலை நிலையப் படியில் நின்று கீழே பார்த்தால் கறுத்த நீர் தெரியும். அதை வெட்டியவர்களுக்கு அங்கே ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். சென்னை மாநகராட்சி செய்யக்கூடிய சிறிய காரியம்தான்.

பஞ்சம் முடிந்த பிறகு சாம்ராஜ்யம் பாடம் படித்தது என்பதை மறுக்க முடியாது. 1883-ல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. மழை எந்த அளவு தவறினால், விலை எந்த அளவு ஏறினால், மக்கள் ஊரை விட்டு எப்படி அலையத் தொடங்கினால் நிவாரணம் திறக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது. எல்லா இடத்திலும் அது சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு வைசிராயின் மனநிலையைப் பொறுத்திராத ஏற்பாடு என்ற வகையில் அது பெரிய முன்னேற்றம்.

இன்னொரு பாடம் கெட்டுப்போனது. நல்ல ஆண்டுகளில் சேமித்துக் கெட்ட ஆண்டுக்கு வைப்பது என்று தீர்மானித்து, பஞ்சக் காப்பு என்ற பெயரில் 1878-ல் புதிய வரிகள் போட்டார்கள். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவது திட்டம். அடிப்படையில் நல்ல திட்டம்; சிக்கனத்துக்கு உரிய காலமே அதுதான், மழை பெய்யும் காலம். ஆனால் ஆப்கானிஸ்தான் போர் வந்தது. அடுத்த ஆண்டே ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. அதே 1879-ல் லிட்டன் தம் சபையின் பெரும்பான்மையை மீறி, லங்காஷயர் ஆலைகளின் முரட்டுத் துணிக்கு இறக்குமதி வரியை விலக்கினார். போருக்கும் துணிக்கும் வளைந்த வரம்பு, மண் சுமந்தவரின் அரைப் பவுண்டுக்கு வளைந்து கொடுக்கவில்லை. செலவு வரம்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்: அது யாருக்கு மட்டும் இறுகுகிறது?

நம் காலத்திலும் இந்த வரம்பு சட்டமாகவே இருக்கிறது. 2003-ல் நிறைவேறிய நிதிப் பொறுப்புச் சட்டம் மத்திய அரசின் பற்றாக்குறையைக் கட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. தேசியப் பேரிடர் போன்ற சூழலில் கொஞ்சம் மீறிக்கொள்ள 2018-ல் ஒரு விலக்கு சேர்த்தார்கள், அதுவும் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் அரை சதவீதம் வரை மட்டும். இரண்டே ஆண்டில் கொரோனா வந்தது. அரை சதவீதத்தில் அடங்கும் நெருக்கடியா அது? முதல் வாரங்களில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். அரசின் கை அவர்களை எட்ட நேரமாயிற்று. அந்தத் தாமதத்தை நியாயப்படுத்த முடியாது. மாநிலங்கள் மூன்று சதவீதத்துக்குப் பதில் ஐந்து சதவீதம் வரை கடன் வாங்கலாம் என்று அனுமதி கொடுத்தபோதுகூட, கூடுதல் கடனின் பெரும்பகுதிக்குச் சீர்திருத்த நிபந்தனைகளைக் கட்டினார்கள். பசியின் நடுவே நிபந்தனை பேசுவது தாது வருஷத்து மனப்பான்மை. அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

ஆனால் அந்த ஆண்டு நாடு முடிவில் பீகார்ப் பக்கமே சாய்ந்தது. உணவுக் கழகத்தின் கிடங்குகளில், அளவுக்கு மீறித் தேங்கிக் கிடக்கிறது என்று ஆண்டுக்கணக்காகக் குறை சொல்லப்பட்ட தானியம்தான், சுமார் 80 கோடி பேருக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ இலவசமாகப் போனது. மிஞ்சிய அரிசியின் மதிப்பு அன்று தெரிந்தது. 2005-ல் சட்டமாகிய நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு முதலில் ஒதுக்கிய 61,500 கோடியோடு இன்னும் 40,000 கோடி சேர்க்கப்பட்டது. பிப்ரவரியில் 3.5 சதவீதம் என்று அறிவித்த பற்றாக்குறை, ஆண்டு முடிவில் 9.2 சதவீதம் ஆனது. அடுத்த ஆண்டு அது 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. வரம்பு மீறப்பட்ட அந்த 2020–21-ல் ஏறக்குறைய ஏழரைக் கோடிக் குடும்பங்கள் நூறு நாள் வேலைக்குப் போய்க் கூலி வாங்கின.